தந்தையின் எம்.ஜி. காரில் பெங்களூருவுக்கு: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் தந்தையார் வைத்திருந்த 1951ஆம் ஆண்டு எம்.ஜி. டி.டி. ஸ்போர்ட்ஸ் கார் மூன்று ஆண்டுகளாக ஓடாமல் கொட்டகையில் நிற்கிறது. பிப்ரவரியில் பெங்களூருவில் நடக்கவிருக்கும் பழைய கார் ஆர்வலர்களின் சந்திப்புக்கு அதை நானே ஓட்டிச் செல்ல விரும்புகிறேன். என்ஜினை இறக்கி முழுவதும் பிரித்து வேலை பார்த்தால்தான் அவ்வளவு தூரம் தாங்கும் என்று மெக்கானிக் சொல்கிறார். கையில் நான்கு மாதங்கள் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: என்ஜினை இறக்க வேண்டாம். நான்கு மாதத்தில் பிரித்த என்ஜின் நான்காவது மாதக் கடைசியில்தான் திரும்பப் பூட்டப்படும். அதன் பிறகு புதிய பாகங்கள் ஒன்றோடொன்று பழகுவதற்குக்கூட நாள் இருக்காது. மூன்று ஆண்டுகளுக்கு முன் நன்றாக ஓடிய கார் என்றால், முதலில் அதை எழுப்பிப் பார்த்து, நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் (உள்ளே ஏறும் அழுத்தம்) சூடான நிலையில் ஆயில் பிரஷரையும் அளந்து, அந்த எண்கள் மோசமாக இருந்தால் மட்டுமே மெக்கானிக்கின் யோசனைக்கு வாருங்கள். அப்படியானால் இந்த ஆண்டுச் சந்திப்பை விட்டுவிட வேண்டியதுதான்.

எழுப்புவதில் அவசரம் கூடாது. பழைய பெட்ரோலை முழுவதும் வடித்து, டேங்கின் அடியில் படிந்த கசடைக் கழுவுங்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிது எண்ணெய் விட்டு, கைப்பிடியால் மெதுவாகச் சுற்றுங்கள். இந்தக் காரில் உள்ள எக்ஸ்.பி.ஏ.ஜி. வகை என்ஜினுக்கு ஒரு குணம் உண்டு: நெடுநாள் நின்றால் ஆயில் பம்ப் உறிஞ்சும் திறனை இழந்துவிடும். ஆகவே பிளக்குகள் இல்லாமலே சுற்றி, ஆயில் பிரஷர் முள் எழுந்த பிறகுதான் பிளக்கைப் பூட்டி ஸ்டார்ட் செய்ய வேண்டும். முள் அசையாவிட்டால் பம்பின் மேல் உள்ள திருகைக் கழற்றி எண்ணெய் ஊற்றி மீண்டும் சுற்றுங்கள். இதைச் செய்யாமல் சாவியைத் திருகி, உலர்ந்த பேரிங்குகளோடு ஓடவிட்டுக் கெடுத்த என்ஜின்களை நான் பார்த்திருக்கிறேன்.

என்ஜின் ஓடத் தொடங்கியதும் எல்லோருடைய கவனமும் அதன் சத்தத்தில் போய்விடுகிறது. நீங்கள் பிரேக்கைப் பாருங்கள். உங்கள் காரில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். அனைத்துக்கும் ஒரே ஆயில் சுற்று. ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போகும். மிஞ்சுவது கை பிரேக் மட்டுமே. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதால், மூன்று ஆண்டுகள் நின்ற காரில் அதை முழுவதுமாக மாற்ற வேண்டும். வீல் சிலிண்டர்களின் உட்புறத்தில் துரு இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். ரப்பர் ஹோஸ்கள் வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே ஊதி அடைத்துக்கொள்ளும். மிதிக்கும்போது ஆயில் போகும், விட்டால் திரும்பாது, சக்கரம் பிடித்துக்கொண்டே சுற்றும். வயது தெரியாத ஹோஸ் என்றால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். முதல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டியதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அங்கே வேலை இருக்கிறது.

டயரைக் கட்டை நிறைய இருக்கிறது என்று நம்பாதீர்கள். பக்கவாட்டில் பொறித்திருக்கும் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்; 3214 என்றால் 2014ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். பத்தாண்டு தாண்டியதை, ஸ்டெப்னி உட்பட, நான் நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோக மாட்டேன்.

அடுத்தது வெப்பம். டி.டி.யின் ரேடியேட்டர் அழுத்தம் ஏற்றப்படாதது. இன்றைய காரில் மூடியின் அழுத்தம் நீரின் கொதிநிலையை உயர்த்தி வைக்கும். உங்கள் காரில் நீர் அடுப்புப் பானையில் கொதிப்பது போலவே கொதிக்கும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே ரேடியேட்டரைக் கழற்றி இரண்டு பக்கமும் மாறி மாறி நீர் பாய்ச்சிக் கழுவுவதும், பெல்ட்டையும் ஹோஸ்களையும் மாற்றுவதும், பிளக்கில் பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும் அழகுக்கான வேலைகள் அல்ல. டைமிங் பின்தங்கியிருந்தால் எவ்வளவு நல்ல ரேடியேட்டரும் ஈடுகொடுக்காது. வால்வுகளுக்கு விட வேண்டிய டேப்பட் இடைவெளி முதலில் 0.019 அங்குலமாகவும், பிற்கால என்ஜின்களில் வால்வுகளை இயக்கும் கேம் மாறியதால் 0.012 அங்குலமாகவும் இருந்தது. உங்கள் என்ஜினில் எந்தக் கேம் என்று உறுதி செய்யாமல் புத்தகத்தில் முதலில் கண்ட எண்ணை வைத்துவிடாதீர்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல விரும்புவது. இந்த வேலைகள் எல்லாம் இரண்டாவது மாத முடிவுக்குள் முடிந்துவிட வேண்டும். மூன்றாவது மாதம் ஓட்டுவதற்கு மட்டும். முதல் வாரம் வீட்டைச் சுற்றி, அடுத்து பொள்ளாச்சி வரை போய்த் திரும்பி, பிறகு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி மலைப்பாதையில் பாதிவரை ஏறி இறங்கிப் பாருங்கள். அந்த ஏற்றத்தில் கொதிக்காத கார், சேலத்தைத் தாண்டி வரும் தொப்பூர் மலைச்சாலையில் கொதிக்காது. அந்த இறக்கத்தில் பிரேக் தளராவிட்டால் வேறெங்கும் பயமில்லை. ஒவ்வொரு முறையும் எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு எண்ணெய் குறைந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இந்த என்ஜினின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. எண்ணெயைத் திருப்பி அனுப்பும் சுருள் பள்ளம் மட்டுமே. எனவே நின்ற இடத்தில் சில சொட்டுகள் விழுவது நோயல்ல. குறையும் அளவு திடீரென்று கூடினால்தான் நோய். மொத்தம் 500 கிலோமீட்டர் இப்படி ஓடிய கார் 360 கிலோமீட்டர் தள்ளியுள்ள பெங்களூருவுக்குப் போகும்.

கடைசி இரண்டு வாரங்களில் தூசி துடைப்பது, காற்று அடிப்பது, கிரீஸ் வைப்பது தவிர எதையும் தொடாதீர்கள். என் அனுபவம் இதில் கசப்பானது. ஒருமுறை பயணத்துக்கு முந்தைய இரவு, எதற்கும் இருக்கட்டும் என்று, நன்றாக ஓடிக்கொண்டிருந்த காரில், பிளக்குக்குப் பொறி கிடைக்கச் செய்யும் பாயிண்டையும் கண்டென்சரையும் புதிதாக மாற்றினேன். மறுநாள் சங்ககிரி தாண்டியதும், சூடேறிய புதிய கண்டென்சர் உயிரை விட்டது. நல்ல நிலையில் இருந்த பழையதை முந்தைய இரவே குப்பையில் போட்டிருந்தேன். புளியமரத்தடியில் இரண்டு மணி நேரம் அதைப் பற்றி யோசிக்க அவகாசம் கிடைத்தது. இன்று சந்தையில் கிடைக்கும் கண்டென்சர்களின் தரம் அப்படி. ஓடிப் பார்த்து நம்பிக்கை பெற்ற ஒன்றைத்தான் உதிரியாக வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இப்படிப்பட்ட கார்களைக் கெடுத்துவிடும் என்கிறார்களே, விலை கூடிய உயர் ஆக்டேன் பெட்ரோல் போட்டால் போதுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: ஆக்டேனும் எத்தனாலும் வேறு வேறு விஷயங்கள். கலவையை அதிகம் இறுக்கும் என்ஜினுக்குத்தான் உயர் ஆக்டேன் வேண்டும்; டி.டி.யில் அந்த இறுக்கத்தின் அளவான கம்ப்ரஷன் விகிதம் 7.25க்கு 1 மட்டுமே. போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் கிடைத்த மட்டமான பெட்ரோலுக்காக அமைக்கப்பட்ட என்ஜின் அது. உயர் ஆக்டேனுக்குக் கொடுக்கும் பணத்தால் அதற்குப் பயன் எதுவும் இல்லை.

எத்தனாலால் வரும் தொல்லைகள் மூன்று. பழைய ரப்பர் ஹோஸையும் பம்பின் டயஃப்ரத்தையும் அது இளக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸை டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை மாற்றினால் இது தீரும். அடுத்து, அதே அளவு காற்றுக்கு ஏறத்தாழ 7, 8 விழுக்காடு கூடுதலாக எரிபொருள் தேவைப்படுவதால், பழைய அமைப்பிலேயே விட்டால் கலவை மெலிந்து என்ஜின் சூடாக ஓடும். எஸ்.யு. கார்புரேட்டரில் ஜெட்டின் அடியில் உள்ள அறுகோண நட்டை அதன் ஆறு முகங்களில் ஒன்று அல்லது இரண்டு முகம் அளவு திருகிக் கீழே இறக்கி, பிளக்கின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இரண்டு கார்புரேட்டரிலும் ஒரே அளவு இறக்க வேண்டும்.

மூன்றாவதுதான் வழியில் நிறுத்தும். எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கிறது. டி.டி.யில் எஸ்.யு. மின்பம்ப், என்ஜின் அறையின் பின்சுவரில், வெப்பத்துக்கு நடுவே இருந்துகொண்டு பின்னாலுள்ள டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கிறது. நெரிசலில் நின்றால் குழாயில் ஆவி சேர்ந்து, பம்ப் படபடவென்று அடிக்கும், பெட்ரோல் மட்டும் வராது. அப்போது பானட்டின் பக்கப் பலகைகளைத் திறந்து, பம்பின் மேலும் குழாயின் மேலும் ஈரத் துணியைப் போட்டு, பத்து நிமிடம் காத்திருங்கள். பம்ப் சத்தமே போடாமல் இருந்தால் அது வேறு நோய், உள்ளிருக்கும் பாயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்பானர் பிடியால் லேசாக ஒரு தட்டு தட்டினால் பெரும்பாலும் விழித்துக்கொள்ளும்.

இன்னொன்று, டி.டி.யில் பெட்ரோல் அளவு காட்டும் முள் கிடையாது. ஏறத்தாழ 11 லிட்டர் மிஞ்சும்போது எரியும் பச்சை விளக்கு மட்டுமே உண்டு. அந்தப் பல்பு ஃபியூஸ் போயிருக்கிறதா என்பதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் அளவுக்குச்சியையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கையோடு எடுத்துப்போக வேண்டிய கருவிகள், உதிரிப் பாகங்கள் எவை? இடம் மிகக் குறைவு.
– வாசகர், கோயம்புத்தூர் (முதல் கேள்வியைக் கேட்டவரே)

பதில்: வீட்டில் இருக்கும் மில்லிமீட்டர் ஸ்பானர் செட் பயன்படாது. எம்.ஜி.யின் தாய் நிறுவனமான மோரிஸ் 1923இல் வாங்கிய கோவென்ட்ரி என்ஜின் ஆலை அதற்கு முன் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்துடையது; இயந்திரங்களும் பிரெஞ்சு அளவுக்கானவை. அந்த வழக்கத்தின் மிச்சமாக உங்கள் என்ஜினின் போல்ட்டுகளில் மரை மில்லிமீட்டரிலும் தலை விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவிலும் இருக்கின்றன. ஆகவே விட்வொர்த் ஸ்பானர்கள் வேண்டும். ஒரு போல்ட் தொலைந்தால் சாலையோரக் கடையில் கிடைக்காது என்பதால், சில போல்ட்டுகளும் நட்டுகளும் வேண்டும்.

உதிரிகளில் ஓடிப் பார்த்த பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர், ஒரு பிளக், ஃபேன் பெல்ட், மேல் கீழ் ரேடியேட்டர் ஹோஸ்கள், டியூப் இரண்டு, ஃபியூஸ்கள், ஒரு லிட்டர் எண்ணெய், பிரேக் ஆயில், ஐந்து லிட்டர் தண்ணீர் போதும். தண்ணீரைக் கொதிக்கும் ரேடியேட்டரில் ஊற்றிவிடாதீர்கள். அரை மணி நேரம் ஆறட்டும்.

மின்சாரத்தில் ஓர் எச்சரிக்கை. இந்தக் காரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும், இன்றைய கார்களுக்கு நேர் எதிராக. செல்போன் சார்ஜர், எல்.இ.டி. விளக்கு, எலெக்ட்ரானிக் இக்னிஷன் எதையும் இதை நினைவில் வைக்காமல் மாட்டினால் புகைந்துவிடும். உதவிக்கு வரும் நண்பரின் காரிலிருந்து கேபிள் போடும்போது பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ், நெகட்டிவுக்கு நெகட்டிவ் கொடுங்கள். இரண்டு கார்களின் உடலும் ஒன்றையொன்று தொடக் கூடாது.

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு நடுவே அதைக் கொண்டுபோனால் சிரிப்பார்களா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: சிரிக்கிறவருக்கு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரின் கதை தெரியாது என்று பொருள். 1962இல் வந்த அந்த ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி அதன் மேல் கட்டப்பட்டதுதான். நம் ஹெரால்டு சென்னையிலேயே தயாரானது என்பதால் எனக்கு அதன் மேல் தனிப் பாசமும் உண்டு.

புறப்படும் முன் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். முன்சக்கரங்களைத் தாங்கும் டிரனியன்களுக்குக் கிரீஸ் அல்ல, 90 தர கியர் ஆயில்தான் விட வேண்டும். நம் பட்டறைகளில் நிப்பிளைக் கண்டதும் கிரீஸ் கன்னை மாட்டிவிடுவார்கள். கிரீஸ் அந்த மரைகளுக்குள் சரியாக இறங்காது. உள்ளே துரு தின்று ஒரு நாள் சக்கரம் மடிந்து விழும்.

கேள்வி: எந்த நேரத்தில் புறப்பட்டால் நல்லது? வேகம் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம்? வண்டிக்குத் தனியாக ஏதாவது பதிவு வேண்டுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பதிவை முதலில் முடித்துவிடுவோம். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதியின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றமின்றி அசல் வடிவில் உள்ள கார்களை 'வின்டேஜ்' என்று பதிவு செய்யலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஏற்கெனவே பதிவான கார் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். வின்டேஜாகப் பதிவானதை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது. பேரணி, கண்காட்சி, பராமரிப்பு, பெட்ரோல் போடுதல் போன்றவற்றுக்கு ஓட்டலாம். இவை ஒருபுறம் இருக்க, உங்கள் தந்தையார் பெயரில் உள்ள பதிவை உங்கள் பெயருக்கு மாற்றாமலும் காப்பீட்டைப் புதுப்பிக்காமலும் கோத்தகிரிக்குக்கூடப் போகாதீர்கள்.

வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். இந்தக் காரின் பின் ஆக்ஸில் விகிதம் 5.125 (டாப் கியரில் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு என்ஜின் ஐந்துக்கு மேல் சுற்றும்) என்பதால் 80இல் போகும்போதே என்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,500 சுற்று சுற்றிக்கொண்டிருக்கும். அதில் நாள் முழுவதும் ஓடும். 100இல் ஓட்டினால் காரும் நீங்களும் சேலத்திலேயே களைத்துவிடுவீர்கள். தொப்பூர் ஏற்றத்தில் தடுமாறவிடாமல் முன்கூட்டியே மூன்றாவது கியருக்கு மாறுங்கள். திரும்பி வரும்போது அதே இடம் நீண்ட இறக்கம். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், டிரம் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள். பின்னால் வரும் லாரிகளுக்கு உங்கள் சிறிய பின்விளக்குகள் தெரியாது என்பதால் இந்தப் பகுதியைப் பகலில் மட்டும் கடக்க வேண்டும்.

ஒரே நாளில் போய்ச் சேரும் எண்ணத்தை விடுங்கள். கோவையில் விடிகாலை 5 மணிக்குப் புறப்பட்டால் நண்பகல் நெரிசலில் பெங்களூருவின் சில்க் போர்டு சாலைச் சந்திப்பில் நிற்பீர்கள். காற்றோட்டம் இல்லை, ரேடியேட்டருக்கு அழுத்தம் இல்லை, ஐடிலிங்கில் டைனமோ சார்ஜ் செய்வதும் இல்லை. இந்தக் கார் கொதிக்க அதைவிடப் பொருத்தமான இடம் தென்னிந்தியாவில் கிடையாது. சந்திப்பு ஞாயிற்றுக்கிழமை என்றால் சனிக்கிழமை ஓசூரில் தங்கி, எண்ணெயும் தண்ணீரும் பார்த்து, சக்கர நட்டுகளை ஒருமுறை முறுக்கிவிட்டு, ஞாயிறு காலை 6 மணிக்குள் நகருக்குள் நுழைந்துவிடுங்கள்.