ஏற்காட்டில் கண்ட காசித்தும்பை புதிய பதிவா?

கேள்வி: ஏற்காட்டில் ஓடையோரப் பாறையில் ஒரு காட்டுக் காசித்தும்பையைப் பார்த்தேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் உள்ள இனம் போலத் தெரிகிறது. சேர்வராயன் மலைக்குப் புதிய பதிவாக்க, அதாவது அங்கே இதுவரை யாரும் பதிவு செய்யாத இனம் என்று நிறுவ, என்ன செய்யணும்?

முதலில் சந்தேகப்படுங்கள். ஏற்காடு எஸ்டேட்டும் பங்களாவும் நிறைந்த ஊர், அழகுக்கு வைத்த செடி வேலி தாண்டி ஓடைக்கு இறங்குவது சகஜம். ஆப்பிரிக்கக் காசித்தும்பை இனமான இம்பேஷன்ஸ் வாலரியானா நம் மலை ஊர்களில் அப்படித்தான் பரவியிருக்கிறது. பக்கத்தில் தோட்டம் உண்டா, ஓடையின் மேல்பகுதியிலும் செடி இருக்கிறதா, மொத்தம் எத்தனை என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் நூல்கள். கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலையும், கே. எம். மேத்யூ 1980களில் வெளியிட்ட தமிழ்நாடு கர்நாடிக் தாவர நூலையும் பாருங்கள், பின்னது சேர்வராயனையும் சேர்த்து எழுதியது. பெயர் இல்லையென்றால் உடனே துள்ள வேண்டாம், பழைய பெயரில் ஏற்கெனவே பதிவாகியிருக்கலாம். கியூ தாவரவியல் பூங்காவின் இணையதளத்தில் பழைய பெயர்களும் கிடைக்கும், அவற்றையும் தேடுங்கள்.

போட்டோ மட்டும் போதாது. நாளைக்கு ஒருவர் 'அது வேறு இனம்' என்றால் எடுத்துப் பார்க்க, அழுத்தி உலர்த்திய செடி மாதிரி வேண்டும். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி வாங்கிய பிறகே கை வையுங்கள். செடிகள் குறைவாக இருந்தால் வேரோடு பிடுங்காமல் பூவும் காயும் உள்ள ஒரு கிளை எடுத்தால் போதும். காசித்தும்பை படுத்தும் இடமே இதுதான்: தாளில் வைத்து அழுத்தினால் பூ ஒட்டிக் குழைந்து உருத் தெரியாமல் போய்விடும், இனம் பிரிப்பதோ பெரும்பாலும் அந்தப் பூவை வைத்துத்தான். பிரிட்டிஷ் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் கடைசிக் காலம் வரை இந்தப் பேரினத்தோடு மல்லுக்கட்டியவர். அதனால் சில பூக்களை 70 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள், இன்னொன்றை அங்கேயே பிரித்து, வால் போன்ற தேன்குழலும் இதழ்களும் தனித்தனியாகத் தெரிய, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள். கிளையைச் செய்தித்தாளுக்குள் அழுத்தி, முதல் சில நாட்கள் தினமும் தாளை மாற்றுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். ஜி.பி.எஸ். அளவு, உயரம், தேதி, பூவின் நிறம், கூட வளரும் செடிகள் எல்லாவற்றையும் அங்கேயே எழுதுங்கள்.

மாதிரியை ஹெர்பேரியம் எனும் உலர்செடிக் காப்பகத்துக்கு, அதாவது கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் மெட்ராஸ் ஹெர்பேரியத்துக்கோ, திருச்சி ரபினாட் ஹெர்பேரியத்துக்கோ கொண்டுபோய், அங்குள்ள மாதிரிகளோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பெயர் உறுதியானால் மாதிரியை அங்கேயே ஒப்படைத்து, அவர்கள் தரும் எண்ணோடு ஆய்விதழுக்குச் சிறு குறிப்பாக எழுதி அனுப்பலாம். இடையில், இயற்கை ஆர்வலர்கள் தாங்கள் கண்டதைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் போடுவதானால் இடத்தை மறைத்தே போடுங்கள், அபூர்வச் செடி என்றால் தோண்டிப் போக ஆள் வருவார்கள்.