லாஃப்ரொய்க், லகவூலின், ஆர்ட்பெக்: எதை வாங்கலாம்?

இந்த மூன்று சிங்கிள் மால்ட் விஸ்கியும் (முளைகட்டிய பார்லியில் மட்டும், ஒரே ஆலையில் வடித்தவை) ஒரே புகை வாசம்தானே, எதை வாங்கினால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். தனித்தனி நாளில் குடித்தால் அப்படித்தான் தோன்றும், எனக்கும் பல வருடம் அப்படித்தான் தோன்றியது. ஒரு மாலை மூன்றையும் வரிசையாக ஊற்றி வைத்து மாற்றி மாற்றி முகர்ந்தபோதுதான் புரிந்தது.

மூன்றின் ஆலைகளும் ஸ்காட்லாந்தின் ஐலா தீவில், போர்ட் எலன் ஊரிலிருந்து கிளம்பும் ஐந்து கிலோமீட்டர் கடலோரச் சாலையில் அடுத்தடுத்து இருக்கின்றன. சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த பீட்டை, அதாவது மக்கிய செடிகொடி மண்ணை, எரித்து, அந்தப் புகையில் பார்லியை உலர்த்துகிறார்கள். லகவூலினுக்கும் ஆர்ட்பெக்குக்கும் அந்த பார்லி, அதைத் தயார்செய்யும் ஒரே ஆலையிலிருந்துதான் வருகிறது. அப்படியும் சுவை வேறு! ஆர்ட்பெக்கின் விஸ்கி வடிக்கும் கொதிகலனில் கனமான ஆவியைத் திருப்பி அனுப்பும் ஒரு குழாய் உண்டு, அதனால் 10 வருட ஆர்ட்பெக்கில் புகைக்குப் பின்னால் எலுமிச்சைத் தோல் மாதிரி ஒரு பளிச்சென்ற வாசம் வரும். லகவூலின் 16 வருடம் பீப்பாயில் கிடப்பதால் புகை அடங்கி, உலர்திராட்சை இனிப்போடு சேர்ந்துவிடுகிறது. லாஃப்ரொய்க் நேராக டிங்சர் வாசம்தான், காயத்துக்குப் போடுவோமே, அதே. முதல் வாயில் பிடிக்காது, அவசரப்பட்டு ஒதுக்காதீர்கள்.

லகவூலின் முதலாளி பீட்டர் மெக்கி 1908இல் லாஃப்ரொய்க்கைப் போலவே செய்யவேண்டும் என்று அதன் கொதிகலன்களை அப்படியே நகலெடுத்து, மால்ட் மில் என்று தன் வளாகத்திலேயே ஒரு ஆலை கட்டினார். 1962 வரை ஓடியது, அந்தச் சுவை மட்டும் வரவேயில்லை. பக்கத்து ஆலைக்காரருக்கே பிடிபடாத வித்தியாசம் இது.

சரி, எப்படி ஒப்பிடுவது? வாய் குறுகிய கிளாஸ், ஒவ்வொன்றிலும் 20 மில்லி போதும். ஐஸ் வேண்டாம், வாசம் எழும்பாது. ஆல்கஹால் ஆர்ட்பெக்கில் 46 சதவீதம், லகவூலினில் 43, அதனால் முதலில் அப்படியே ஒரு வாய், அப்புறம் சில சொட்டுத் தண்ணீர். புகை வாசம் தரும் குவாயகால் என்ற வேதிப்பொருள் தண்ணீர் சேர்ந்ததும் மேற்பரப்புக்கு வருகிறது என்று 2017இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கணினியில் கணக்கிட்டுக் காட்டினார்கள், மூக்குக்கும் அது தெரிகிறது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் லகவூலினைச் சொல்வேன், விலை கூடுதல்தான். கிளாஸைக் கழுவாமல் வைத்து மறுநாள் காலை முகர்ந்து பாருங்கள், விறகடுப்புச் சாம்பல் வாசம் அப்படியே இருக்கும்.