போனில் வருகிற வைஃபை லேப்டாப்பில் மட்டும் ஏன் போய்ப் போய் வருகிறது?

கேட்டிருப்பது இதுதான்: வீட்டில் எல்லோருடைய போனிலும் வைஃபை ஒழுங்காக வருகிறது, இரண்டு லேப்டாப்பில் மட்டும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அறுந்துபோகிறது, லேப்டாப்பில் கோளாறா, லைனில் கோளாறா, எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்குத் தொழில் கணக்கு எழுதுவது. கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. பெங்களூரு அல்சூரில், ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையிலிருந்து நடக்கிற தூரத்தில் வாடகை வீடு. போன வருஷம் இதே தொல்லையை ஒன்றரை மாதம் அனுபவித்தேன். அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்: உங்கள் கேள்வியின் முதல் பாதியை நம்பாதீர்கள். போனில் ஒழுங்காக வருகிறது என்று உங்களுக்குத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

இது எனக்கு உறைத்தது மாமனாரால். அவர் போட்டிருப்பது தினம் 1.5 ஜிபி தரும் ரீசார்ஜ். பகல் முழுக்க வீட்டில்தான் இருப்பார், வைஃபையில் பழைய சீரியல்களைப் பார்ப்பார். ஒரு நாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது, "ஏம்மா, டேட்டா தீர்ந்துபோச்சுன்னு மெசேஜ் வந்திருக்கு. நான் வாசலைத் தாண்டவே இல்லையே?" என்றார். வீட்டிலேயே இருக்கிற மனுஷனுக்கு மொபைல் டேட்டா எப்படித் தீரும்? போனை வாங்கிப் பார்த்தேன். வைஃபை மந்தமானால் தானாக மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும் வசதி போடப்பட்டிருந்தது. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் இது உண்டு. ஐபோனில் வைஃபை அசிஸ்ட் என்று பெயர். வைஃபை நொண்டும்போதெல்லாம் போன் சத்தம் போடாமல் சிம்முக்குத் தாவியிருக்கிறது, சரியானதும் திரும்பி வந்திருக்கிறது. சீரியல் நிற்கவே இல்லை. லேப்டாப்பில் சிம் கிடையாது, தாவ இடமில்லை. அதனால் அது மட்டும் மாட்டிக்கொண்டு எங்களிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே எல்லாருடைய போனிலும் ஒரு நாள் முழுக்க மொபைல் டேட்டாவை அணைத்து வையுங்கள். லேப்டாப் இருக்கும் அதே மேசையில் ஒரு போனையும் வையுங்கள். போனும் திணறினால் ரவுட்டரையோ லைனையோ அந்த இடத்தையோ பார்க்க வேண்டும். போன் அசையாமல் ஓடி, பக்கத்தில் இருக்கும் லேப்டாப் மட்டும் விழுந்தால் லேப்டாப்பைச் சந்தேகிக்கலாம். இதற்கு முன்னால் புது ரவுட்டர் வாங்காதீர்கள். நான் வாங்கினேன். அது இப்போது பரணில் இருக்கிறது.

நெட்காரர் மூன்று முறை வந்தார். ஒவ்வொரு முறையும் ரவுட்டருக்கு ஒரு முழ தூரத்தில் நின்று தன் போனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டுக் காட்டி, "நூறு வருது பாருங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்லி என்ன? வேகம் வேறு, அறுந்துபோவது வேறு. அரை நிமிஷ ஸ்பீட் டெஸ்டில் மத்தியானம் மூன்று மணிக்கு நடந்தது தெரியாது.

அது தெரிய வேண்டுமானால் பிங் ஓடவிட வேண்டும். ஒரு முகவரியைக் கூப்பிட்டு, பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்க்கிற கட்டளை அது. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டை (கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னல்) இரண்டு தடவை திறந்து, இரண்டு ஜன்னலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் உங்கள் ரவுட்டரின் முகவரிக்குப் பிங் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ரவுட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும்). இன்னொன்றில் 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்குப் பிங். கடைசியில் ஒரு இடம் விட்டு மைனஸ் குறியும் ஆங்கில டி எழுத்தும் சேர்த்தால் (ping 8.8.8.8 -t என்பது போல) நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். மேக்கில் அது இல்லாமலே ஓடும். பிறகு உங்கள் வேலையைப் பாருங்கள். அடுத்த தடவை அறுந்ததும் முதலில் இந்த இரண்டு ஜன்னலைப் பாருங்கள். இரண்டிலும் பதில் நின்றிருந்தால் லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில் கோளாறு, அதாவது நிஜமான வைஃபை கோளாறு. ரவுட்டர் பதில் சொல்கிறது, கூகுள் மட்டும் சொல்லவில்லை என்றால் வைஃபை மேல் பழி போடாதீர்கள். ரவுட்டருக்கு வெளியே, லைனில் கோளாறு. இரண்டும் ஓடுகிறது, ஆனால் பக்கம் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ்ஸையோ (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது) ஆபீஸ் விபிஎன்னையோ (ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் போகும் தனி வழி) பார்க்க வேண்டும். அறுந்துபோகாவிட்டாலும் நேரத்தைக் கவனியுங்கள். ரவுட்டர் வழக்கமாகச் சில மில்லிசெகண்டில் பதில் சொல்லிவிடும். அது 200, 300 என்று எகிறிக்கொண்டே இருந்தால் காற்றில் ஏதோ இடைஞ்சல்.

எங்கள் வீட்டில் குழப்பம் இங்கேதான் ஆரம்பித்தது. ஒரு தடவை இரண்டு ஜன்னலும் நின்றன. இன்னொரு தடவை கூகுள் மட்டும் நின்றது. ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. கணக்கெழுதுகிறவளுக்கு வேறென்ன தெரியும்? ஒரு நோட்டு எடுத்துக் கோடு போட்டேன். தேதி, மணி, யாருடைய லேப்டாப், எந்த அறை, எந்த ஜன்னல் நின்றது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம். நான்கு நாள் எழுதியதும் தெரிந்துவிட்டது: கோளாறு ஒன்று இல்லை, மூன்று. ஒவ்வொரு வைத்தியமும் பாதி கேட்டதற்கும் மீதி கேட்காததற்கும் அதுதான் காரணம்.

முதலாவது என் லேப்டாப். சாயங்காலம் ஆறரைக்கு மேல்தான் விழும். அந்த நேரத்தில்தான் டேலி மென்பொருளில் இருக்கும் கணக்கையெல்லாம் வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுப்பேன். ஹார்ட் டிஸ்க் யூஎஸ்பி 3 வகை, குட்டையான கேபிள், லேப்டாப்பை ஒட்டியே கிடக்கும். யூஎஸ்பி 3 ஓடும்போது அதன் கேபிளும் இணைப்பும் கிளப்பும் ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை (வைஃபை வழக்கமாக ஓடும் இரண்டு அலைவரிசைகளில் ஒன்று) இருக்கும் அதே இடத்தில் விழுகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் ஆவணம் வெளியிட்டிருக்கிறது. படித்ததும் இன்னொன்று ஞாபகம் வந்தது. அதே நேரத்தில் என் வயர்லெஸ் மவுஸும் தத்தித் தத்திப் போகும்; பேட்டரி தீர்ந்துவிட்டது என்று இரண்டு தடவை மாற்றியிருக்கிறேன். அந்த மவுஸும் 2.4-தான். உங்கள் மவுஸும் வைஃபையும் ஒரே நேரத்தில் மக்கர் செய்தால் பக்கத்தில் யூஎஸ்பி 3 ஹப், பென்டிரைவ், டிஸ்க் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். எலெக்ட்ரானிக் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் நல்ல உறை போட்ட நீளக் கேபிள் ஒன்று வாங்கி டிஸ்கை மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளினேன். லேப்டாப்பை இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸுக்கும் மாற்றினேன். அதோடு அது தீர்ந்தது. 20ஆம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிற ராத்திரியில் எத்தனை முறை வயிற்றைக் கலக்கியிருக்கிறது, இந்த ஒரு முழக் கேபிளால்!

இரண்டாவது என் கணவருடையது. ஹாலில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் ஒன்றும் ஆகாது, படுக்கையறைக்குப் போனால் அறுந்துபோகும். லைன் போட்ட பையன் கேபிள் உள்ளே வருகிற இடத்திலேயே, ஹால் மூலையில் ரவுட்டர் பெட்டியை மாட்டிவிட்டான். சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் கல்யாண பீரோ. ஆறடி இரும்பு, கதவில் முழு நீளக் கண்ணாடி. ரேடியோ அலைக்கு இதைவிட நல்ல தடுப்பு நீங்கள் காசு கொடுத்தாலும் கிடைக்காது. போனில் வைஃபை அனலைசர் மாதிரி ஓர் ஆப் போட்டுப் பார்த்தபோது சிக்னல் பலம் ஹாலில் மைனஸ் 45, கட்டிலில் மைனஸ் 80. மைனஸ் 67-க்கு மேலே இருந்தால் வீடியோ மீட்டிங் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. மைனஸ் 80-இல் 5 கிகாஹெர்ட்ஸை விட்டு 2.4-க்குப் போவதும், பிறகு திரும்பி வருவதுமாக லேப்டாப் ஊசலாடிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்ததால் எங்களுக்கு இது தெரியவே இல்லை. ரவுட்டர் அமைப்பில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்துவிடுங்கள். எது எங்கே தாங்குகிறது என்று அப்போதுதான் தெரியும்.

சுவரில் ஆணி அடிக்க ஓனர் விடமாட்டார், பீரோவை நகர்த்த மாமியார் விடமாட்டார். கடைசியில் பெட்டியைத்தான் நகர்த்தினோம். நடு வாசலுக்கு மேலே இருக்கும் பலகையில், ஆள் உயரத்துக்கு மேல். கட்டிலில் இப்போது மைனஸ் 62. செலவு பூஜ்யம். ரிப்பீட்டர் வாங்கச் சொல்லிப் பல பேர் சொன்னார்கள். மலிவான ரிப்பீட்டர் அதே அலைவரிசையில் கேட்டு அதே அலைவரிசையில் திருப்பிச் சொல்வதால் வேகம் பாதியாகும் என்பதால் அதை நான் வாங்கவில்லை. பெரிய வீடு என்றால் ஒரு லேன் கேபிளை இழுத்து அந்தக் கோடியில் ஆக்சஸ் பாயிண்ட், அதாவது வைஃபை தரும் இன்னொரு பெட்டி, வைப்பதுதான் உருப்படியான வழி.

மூன்றாவதுதான் நிஜமாகவே லைன். இரண்டு லேப்டாப்பும் ஒன்றாக விழும், கூகுள் ஜன்னல் மட்டும் நிற்கும். பின்னோக்கி யோசித்துப் பார்த்தால் இது ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்துதான். பூஜையன்று டிவி ஸ்டாண்டை இழுத்து ஒட்டடை அடித்து, ரவுட்டருக்குச் சந்தனம் குங்குமமெல்லாம் வைத்தோம். ஸ்டாண்டைத் திரும்பத் தள்ளியபோது பின்னால் இருந்த மஞ்சள் ஃபைபர் ஒயர் மடங்கிவிட்டது. செம்புக் கம்பி மடங்கினால் பரவாயில்லை. கண்ணாடி இழை மடங்கினால் ஒளி வெளியே கசிந்துவிடும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் ஆர்எக்ஸ் பவர் என்று ஓர் எண் இருக்கும், உள்ளே வரும் ஒளியின் பலம் அது. மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் நடுவில் இருக்க வேண்டும். எங்களுடையது மைனஸ் 28-ஐத் தொட்டுத் தொட்டு வந்தது. அப்போதெல்லாம் லாஸ் (LOS, சிக்னல் இழப்பு) என்று எழுதிய சிவப்பு விளக்கு ஒரு சிமிட்டு சிமிட்டும். அந்த எண்ணையும் பிங் ஜன்னலையும் படம் பிடித்து அனுப்பியதும் நெட்காரர் ஸ்பீட் டெஸ்ட் பேச்சையே எடுக்கவில்லை. நேராக வந்து முனையை வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டார். மைனஸ் 21.

சேனல் (ஓர் அலைவரிசைக்குள் பிரித்து வைத்திருக்கும் பாதை) விஷயம் எங்களுக்குப் பெரிய தொல்லை இல்லை, ஆனால் அடுக்குமாடியில் இருந்தால் பாருங்கள். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. ஆட்டோவில் விடாமல் கூட்டம் குறைந்த ஒன்றை நீங்களே வையுங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். மாடி வீட்டுத் தம்பியின் லேப்டாப் அவன் அண்ணன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. சில நாள் வைஃபை பெயரே அதில் வராது. ரவுட்டர் தானாக 13-க்குப் போயிருக்கும். நம் ஊரில் 13 வரை உண்டு, அங்கத்திய லேப்டாப்புகள் வழக்கமாக 11-க்கு மேல் பார்ப்பதில்லை. 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையுள்ள சேனல்களில் ரேடார் மாதிரி ஏதாவது கேட்டால் ரவுட்டர் உடனே இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. அதே பகுதியில் வேறு சேனலுக்குப் போனால் அங்கே ஒரு நிமிஷமாவது காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும். வைஃபை பெயரே ஒரு நிமிஷம் காணாமல் போய்த் திரும்பி வந்தால் இதைச் சந்தேகித்து 36 முதல் 48-க்குள் வைத்துவிடுங்கள்.

லேப்டாப்பின் உள்ளே கை வைப்பதைக் கடைசியாகச் செய்யுங்கள், அதுவும் ஒரு நாளைக்கு ஒரே ஒரு மாற்றம். சார்ஜரைப் பிடுங்கினால் மட்டும் அறுந்துபோகிறது என்றால் பேட்டரி சிக்கனத்துக்காக வைஃபை அட்டையைத் தூங்கவைக்கிறது. டிவைஸ் மேனேஜரில் அந்த அட்டையின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரம் மிச்சம் பிடிக்க இதை அணைத்துக்கொள்ளலாம் என்கிற டிக்கை எடுத்துவிடுங்கள். டிரைவரை (அந்த அட்டையை இயக்கும் மென்பொருள்) லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்குங்கள். பழைய லேப்டாப் என்றால் ரவுட்டரில் டபிள்யூபிஏ என்கிற பாதுகாப்பு முறை 3-உம் 2-உம் கலந்திருப்பதை மாற்றி 2 மட்டும் வைத்துப் பாருங்கள். பழைய ரவுட்டரோடு இன்னொரு ரவுட்டரைச் சேர்த்து மாட்டியிருந்தால் இரண்டும் முகவரி கொடுத்துச் சண்டை போடும். ஒன்றில் டிஹெச்சிபியை, அதாவது முகவரி கொடுக்கும் வேலையை, அணைக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது மிச்சம் இருப்பது மைக்ரோவேவ் ஒன்றுதான். அதுவும் 2.4-இலேயே இரைகிறது. பால் சூடு பண்ணும்போது பிரின்டர் காணாமல் போகும், மணி அடித்ததும் வந்துவிடும். அதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை. மாமனாரின் 1.5 ஜிபி அப்படியே கிடக்கிறது. வீணாகப் போகக் கூடாது என்று ராத்திரி பதினொன்றரைக்கு மேல் வைஃபையை அணைத்துவிட்டு அதில் சீரியல் பார்க்கிறார்.