விளையாட்டுக் காசு: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பிளாக்செயின் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப்பேர் பணத்தை விட்டவர்கள். பெயரைப் போடாதீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த முறை எல்லோருக்கும் ஊர் மட்டும்தான்.

கம்ப்யூட்டர் பாஷை இல்லாமல் பிளாக்செயினை என் மாணவர்களுக்கு எப்படிச் சொல்வது?
– பள்ளி ஆசிரியை, தேனி

எங்கள் அம்மா மதுரை செல்லூரில் இருபது பெண்களை வைத்து மாதச் சீட்டு நடத்தினார். ஆளுக்கு ஐந்நூறு ரூபாய். அம்மா நோட்டில் இருப்பதுதான் கணக்கு. ஒரு ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, மூன்று மாத வரவு மையோடு கரைந்து போனது. யார் கட்டினார், யார் கட்டவில்லை என்று தெருவே இரண்டு வாரம் சண்டை போட்டது. அதற்குப் பிறகு அம்மா ஓர் ஏற்பாடு செய்தார். ஏலம் விடும் ஞாயிற்றுக்கிழமை இருபது பேரும் அவரவர் நோட்டோடு வர வேண்டும். சொல்லும் வரியை எல்லோரும் எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதும். பக்கம் திருப்பும்போது, முந்தின பக்கத்தின் மொத்தத்தைப் புதுப் பக்கத்தின் தலையில் எழுத வேண்டும். பழைய பக்கத்தில் யாராவது 500-க்குப் பின்னால் ஒரு பூஜ்யம் சேர்த்தால், அதற்கு அப்புறம் வரும் எல்லாப் பக்கத்துத் தலைத்தொகையும் இடிக்கும். மற்றவர்களின் நோட்டுகளும் காட்டிக் கொடுத்துவிடும்.

பிளாக்செயினும் இதுவேதான். இருபது நோட்டுக்குப் பதில் பல பேரின் கம்ப்யூட்டர்கள். பக்கத்துக்குப் பெயர் பிளாக். தலையில் மொத்தத் தொகைக்குப் பதிலாக ஹாஷ் என்று ஓர் எண் இருக்கும். முந்தின பக்கம் முழுவதையும் பிழிந்து எடுத்த சாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறையில் ஓடும் டிஜிட்டல் காசான பிட்காயின் தன் முதல் பக்கத்தை எழுதியது 2009 ஜனவரி 3 அன்று.

மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகள் கேட்பார்கள். அடுத்த வருஷம், நாலாவது மாதமே சீட்டை எடுத்த ஒரு அக்கா ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். அவர் எவ்வளவு பாக்கி என்று மீதிப் பத்தொன்பது நோட்டும் ஒரு ரூபாய் பிசகாமல் சொல்லின. பணத்தை அம்மாதான் கட்டினார், இரண்டு வளையலை விற்று.

என் தம்பி ஒரு மொபைல் கேமில் துப்பாக்கிக்கு ஸ்கின் (மேல் அலங்காரம்), டிரெஸ் என்று 6,000 ரூபாய் செலவழித்தான். அந்த கேமே இப்போது இல்லை. பிளாக்செயினில் இருந்திருந்தால் தப்பியிருக்குமா?
– கல்லூரி மாணவர், கரூர்

ரசீது தப்பியிருக்கும். ‘இந்தப் பொருள் இன்னாருடையது’ என்று பிளாக்செயினில் எழுதி வைத்த ரசீதைத்தான் என்எஃப்டி என்கிறார்கள். துப்பாக்கியின் படம், அது சுடும் வேகம், அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மைதானம் எல்லாம் கம்பெனியின் சர்வரில் இருப்பவை. தியேட்டரை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள், உங்கள் தம்பி கையில் பால்கனி டிக்கெட் பத்திரமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

‘அதே துப்பாக்கியை வேறு கேமுக்குக் கொண்டு போகலாமே’ என்பார்கள். அந்த வேறு கேம்காரர் அதைப் புதிதாக வரைந்து, தன் கேமின் கணக்குக்கு ஏற்பச் சரிக்கட்டி, சும்மா உள்ளே விட வேண்டும். அவரும் ஸ்கின் விற்றுத்தான் பிழைக்கிறார். ஏன் விடப்போகிறார்?

பப்ஜி மொபைலை 2020 செப்டம்பர் 2-ல் இந்தியா தடை செய்தது. அடுத்த வருஷம் பிஜிஎம்ஐ என்ற பெயரில் இந்தியப் பதிப்பு வந்தபோது, பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றிக்கொள்ளக் கொஞ்ச நாள் அவகாசம் கொடுத்தார்கள். எத்தனையோ பேரின் ஸ்கின்கள் அப்படித் திரும்பி வந்தன. பிளாக்செயின் அதில் எங்குமே இல்லை. சாதாரண டேட்டாபேஸ், கொடுக்க மனசு வைத்த கம்பெனி.

பிலிப்பைன்ஸில் கேம் ஆடியே குடும்பம் நடத்தினார்களாமே, நிஜமா?
– வங்கி ஊழியர், திருச்சி

நிஜம்தான். 2020 ஊரடங்கில் மணிலாவுக்கு வடக்கே கபனாட்டுவான் நகரத்தில் பிடித்த தீ அது. கேமின் பெயர் ஆக்ஸி இன்ஃபினிட்டி, செய்தது வியட்நாமின் ஸ்கை மேவிஸ் நிறுவனம். ஆக்ஸி என்பது மீனா, பல்லியா என்று சொல்ல முடியாத உருண்டையான ஒரு பிராணி. ஆட வேண்டுமென்றால் மூன்று ஆக்ஸி வேண்டும், ஒவ்வொன்றும் ஒரு என்எஃப்டி. ஜெயித்தால் எஸ்எல்பி என்ற டோக்கன், அதாவது வெளியே விற்றுப் பணமாக்கக்கூடிய கேம் காசு, கிடைக்கும். 2021 நடுவில் அதன் விலை 30 சென்ட்டுக்கு மேல் போனது. நாளைக்கு நூறு டோக்கன் எடுத்தால் 30 டாலர். அந்த ஊர்க் கூலியைப் போலப் பல மடங்கு.

மூன்று பிராணி வாங்கவே நூற்றுக்கணக்கான டாலர் ஆனதால், வாங்க முடியாதவர்களுக்கு வாடகை ஏற்பாடு வந்தது. நம் ஊரில் ஒருவர் ஆட்டோவை இன்னொருவர் ஓட்டுவது மாதிரி. ஆனால் பெயர் ‘ஸ்காலர்ஷிப்’! ஈல்ட் கில்ட் கேம்ஸ் என்ற அமைப்பில் ஆடுபவருக்கு 70 சதவீதம், அவரைச் சேர்த்துப் பழக்கியவருக்கு 20, அமைப்புக்கு 10.

இனி நீங்கள் வங்கிக்காரர் என்பதால் கொஞ்சம் உள்ளே போகிறேன். ஆறு வருஷம் சென்னையில் ஒரு மொபைல் கேம் கம்பெனியில் என் வேலையே கேமுக்குள் காசு எவ்வளவு விட வேண்டும், எவ்வளவு உறிஞ்ச வேண்டும் என்று எக்செல்லில் கணக்குப் போடுவதுதான். விடும் வழியைக் குழாய் என்போம், உறிஞ்சும் வழியை வடிகால் என்போம். ஆக்ஸியின் குழாய், ஆடுகிற ஒவ்வொருவர் வீட்டிலும் தினமும் திறந்தது. வடிகால் ஏறக்குறைய ஒன்றே ஒன்று: இரண்டு ஆக்ஸியைச் சேர்த்துக் குட்டி எடுக்க எஸ்எல்பி கட்ட வேண்டும். அந்தக் குட்டியை யார் வாங்குவார்? புதிதாக ஆட வருகிறவர். புதிதாக யாரும் வராவிட்டால் குட்டி விலை போகாது, குட்டி எடுப்பவர் குறைவார், வடிகால் அடைத்துக்கொள்ளும். குழாய் மட்டும் கொட்டிக்கொண்டே இருக்கும். 2021 கடைசியில் அதுதான் நடந்தது. 2022 ஜனவரி முடியும்போது எஸ்எல்பி ஒரு சென்ட் அளவுக்கு இறங்கிவிட்டது. அதே நூறு டோக்கன், அதே கட்டைவிரல் வலி, ஒரு டாலர்.

இத்தனைக்கும் பேரேட்டில் ஒரு பிழை கிடையாது. எவ்வளவு டோக்கன் அச்சடித்தார்கள், எவ்வளவு எரித்தார்கள் (திரும்ப வாங்கி அழித்தார்கள்) என்று யார் வேண்டுமானாலும் சங்கிலியில், அதாவது பிளாக்செயினில், பார்த்துக்கொள்ளலாம். பழக்க தோஷத்தில் நானும் 2021 ஆகஸ்டில் பார்த்தேன், குழாய் வடிகாலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கம்பெனியில் இந்த எண்கள் நாலு பேருக்கு மட்டும்தான் தெரியும். அந்த விதத்தில் பிளாக்செயின் ஒரு படி மேல் என்று ஒப்புக்கொள்கிறேன்.

பிளாக்செயினை யாராலும் திருட முடியாது என்கிறார்கள். அதே ஆக்ஸியில்தானே 60 கோடி டாலர் போனது?
– ஓய்வுபெற்ற காவல்துறை அலுவலர், வேலூர்

ஐயா, உங்களுக்குப் பிடித்த மாதிரியான கேஸ் இது. எதீரியம் என்ற பெரிய பிளாக்செயினில் கட்டணம் அதிகம் என்று ஸ்கை மேவிஸ் தனக்கென ரோனின் என்று ஒரு சிறு சங்கிலி அமைத்தது. இரண்டுக்கும் நடுவே பணம் போய்வர ஒரு பாலம். பாலத்திலிருந்து பணம் எடுக்க ஒன்பது காவலாளிகளில் ஐந்து பேர் கையெழுத்துப் போட வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்பதில் நாலு சாவி ஸ்கை மேவிஸிடமே இருந்தது. 2021 நவம்பரில் கூட்டம் தாங்காமல், ‘எங்கள் சார்பில் நீங்களே கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று ஆக்ஸி டிஏஓ என்ற இன்னொரு காவலாளி அனுமதி கொடுத்தது. டிசம்பரில் அந்த ஏற்பாடு முடிந்தது. அனுமதியை ரத்து செய்ய மறந்துவிட்டார்கள்.

நாலும் ஒன்றும் ஐந்து. 2022 மார்ச் 23-ல் உள்ளே புகுந்தவர்கள் 1,73,600 ஈதரையும் (எதீரியத்தின் காசு) 2.55 கோடி யுஎஸ்டிசியையும் (ஒன்று ஒரு டாலர் மதிப்புள்ள காசு) இரண்டே பரிவர்த்தனையில் எடுத்துப் போனார்கள். நீங்கள் தலையில் அடித்துக்கொள்ளப் போகிற இடம் அடுத்தது: ஆறு நாள் யாருக்கும் தெரியாது. ஒருவர் தன் 5,000 ஈதரை எடுக்கப் போய், வரவில்லை என்று புகார் செய்த பிறகுதான் கல்லாவைப் பார்த்தார்கள். வட கொரியாவின் லாசரஸ் கும்பல் என்று ஏப்ரலில் எஃப்பிஐ சொன்னது. சங்கிலியின் கணக்கு உடையவில்லை. லாக்கர் அறைச் சாவியைப் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்துவிட்டுத் திருப்பி வாங்க மறந்த கதை, நம் ஊர் ஸ்டேஷன்களில் எத்தனை பார்த்திருப்பீர்கள்!

எதீரியம் உருவாக ஒரு வீடியோ கேம்தான் காரணமாமே?
– வாசகர், காரைக்குடி

எதீரியத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் புட்டெரின் தன்னைப் பற்றி எழுதியதில் அப்படித்தான் சொல்கிறார். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேமில் அவர் ஆசையாக வளர்த்த மந்திரவாதியின் ஒரு மந்திரத்தை, அந்த கேமைச் செய்த பிளிஸ்ஸார்ட் நிறுவனம் வலுவிழக்கச் செய்தது. அழுதுகொண்டே தூங்கினாராம். எல்லாம் ஒரே கம்பெனியின் கையில் இருந்தால் என்ன கொடுமை நடக்கும் என்று அன்று புரிந்ததாம். பாதி விளையாட்டாகத்தான் எழுதியிருப்பார் என்பது என் ஊகம். எதீரியம் ஓட ஆரம்பித்தது 2015 ஜூலை 30-ல்.

அதே எதீரியத்தை நம்பிப் பிறந்த ஆக்ஸியில், 2022 பிப்ரவரியில், தனியாக ஆடும் பகுதிக்குக் கொடுத்துவந்த எஸ்எல்பியை ஸ்கை மேவிஸ் ஒரே அறிவிப்பில் நிறுத்தியது. டோக்கனைக் காப்பாற்ற அதைத்தான் செய்ய வேண்டும், நானாக இருந்தாலும் செய்திருப்பேன். ஆடியவர்களிடம் ஓட்டுக் கேட்டா செய்வார்கள்?

வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேம் காயின் சொல்கிறார்கள். 15,000 போட்டால் மூன்று மாதத்தில் இரண்டு மடங்காம். என் கணவருக்குத் தெரியாது. போடலாமா அக்கா?
– இல்லத்தரசி, ஈரோடு

வேண்டாம்மா. ஏற்கெனவே போட்டிருந்தால் இன்று ராத்திரியே கணவரிடம் சொல்லிவிடு. 2022 ஏப்ரல் முதல் இந்த மாதிரிச் சொத்தில் லாபம் வந்தால் 30 சதவீத வரி. ஒன்றில் நஷ்டம் வந்தால் அதை இன்னொன்றின் லாபத்தில்கூடக் கழிக்க முடியாது. லாபம் வந்தால்தானே என்கிறாயா? அதுவும் சரி.

கேம் கிடக்கட்டும். நிஜ வேலைக்கு இது எங்காவது உதவியதா? எங்கள் ஆபீசில் ஒரு காலத்தில் இதைப் பற்றி நிறையப் பேசினார்கள்.
– கப்பல் ஏஜென்சி ஊழியர், தூத்துக்குடி

உங்கள் ஆபீசில் பேசியது டிரேட்லென்ஸ் ஆகத்தான் இருக்கும். கப்பல் கம்பெனி மேர்ஸ்கும் கம்ப்யூட்டர் கம்பெனி ஐபிஎம்மும் 2018-ல் கொண்டு வந்தது. கன்டெய்னர் பேப்பர் எல்லாவற்றையும் ஒரே சங்கிலியில் ஏற்றுவது திட்டம். போட்டிக் கப்பல் கம்பெனிகளில் சில சேரவும் செய்தன. ஆனாலும் தொழில் முழுவதும் கைகோக்கவில்லை, வியாபாரமாகத் தேறவில்லை என்று 2022 நவம்பரில் மூடுவதாக அறிவித்தார்கள். போட்டியாளர் வீட்டு மேசையில் உங்கள் நோட்டை விரித்து எழுதச் சொன்னால் உங்கள் முதலாளி எழுதுவாரா?

உருப்படியாக ஓடியதற்கு உதாரணம் என்றால் ஜோர்டானைச் சொல்வேன். அங்கே அஸ்ராக் முகாமில் சிரிய அகதிகளுக்காக 2017-ல் ஐநாவின் உலக உணவுத் திட்டம் என்ற அமைப்பு ஒரு பிளாக்செயின் ஏற்பாட்டைத் தொடங்கியது. கடையில் அரிசி, எண்ணெய் எடுத்துக்கொண்டு வந்து, பணம் கட்டுமிடத்தில் கண்ணைக் காட்டினால் போதுமாக இருந்தது. கருவிழியை ஸ்கேன் செய்து, அந்தக் குடும்பத்தின் கணக்கில் கழித்து, சங்கிலியில் எழுதிக்கொண்டார்கள். ஒவ்வொரு பட்டுவாடாவுக்கும் வங்கிக்குக் கொடுத்த கட்டணம் மிச்சமானது. ஒரே நிறுவனம் வைத்திருக்கும் நோட்டுக்கு எதற்குச் சங்கிலி என்று கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. பிறகு ஐநா பெண்கள் அமைப்பும் அதில் சேர்ந்து, இரண்டு அமைப்புகள் ஒரே கணக்கைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கேள்வியின் வேகம் எனக்குக் குறைந்தது. கண்ணைக் கொடுத்தால்தான் சோறு என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது, அது வேறு விஷயம்.

நாங்கள் நாலு பேர் கடைசி வருஷப் பிராஜெக்டாக பிளாக்செயின் கேம் செய்கிறோம். டோக்கனுக்குப் பெயரும் லோகோவும் தயார். உங்கள் ஆலோசனை?
– பொறியியல் மாணவர்கள், கோவை

நான் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் கேமில் ஆட்டக்காரர்கள் பொருளை மாற்றிக்கொள்ள வசதி இருந்தது. ஒரு தீபாவளி ராத்திரி, மாற்றிக்கொண்டிருக்கும்போதே ஆப்பை மூடினால் இரும்பு வாள் இருவரிடமும் இருப்பதை எவனோ ஒரு பையன் கண்டுபிடித்துவிட்டான். விடிவதற்குள் ஊரெல்லாம் வாள். 4,000 காசுக்கு விற்றது மத்தியானம் 60 காசு. நான் எண்ணெய் தேய்த்த தலையோடு லேப்டாப் முன் உட்கார்ந்து, சர்வரை முந்தின நாள் ராத்திரிக்குத் திருப்பச் சொன்னேன். நேர்மையாக ஆடி ஜெயித்தவர்களின் பொருளும் அதோடு போயிற்று. ஒரு பொருள் இருவரிடம் இருக்கவே முடியாது என்பதை பிளாக்செயின் நன்றாகச் செய்யும். அன்று அது இருந்திருந்தால் நான் குளித்திருப்பேன்.

ஆனால் அந்த கேமைக் கொன்றது வாள் இல்லை. தினமும் உள்ளே வந்தாலே 200 காசு கொடுத்தோம். செலவழிக்க 120 காசுக்குத்தான் வழி வைத்திருந்தோம். அந்த எக்செல் நான் போட்டது. நாலு மாதத்தில் காசுக்கு மரியாதை போய், ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் வைத்தியக் குப்பியையே நாணயமாகப் புழங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

உங்கள் கேமில் ஒரு நாளைக்கு ஒருவர் எவ்வளவு சம்பாதிப்பார், எதில் செலவழிப்பார், புதிதாக ஒருவர்கூட வராத மாதத்தில் என்ன ஆகும் என்று மூன்று பத்தி போட்டு ஒரு தாள் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். லோகோ இப்போதைக்கு வேண்டாம். டோக்கனை ரூபாயாக மாற்ற வழி வைக்கப்போகிறீர்கள் என்றால், 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டத்தைத் தெரிந்த வக்கீல் ஒருவரையும் பார்த்துவிடுங்கள். உங்களில் யாருக்காவது மாமா வக்கீலாக இருந்தால் செலவு மிச்சம்.