எல்.இ.டி. திரையை விடுங்கள், விளக்கைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் ஊர்த் திருவிழாவில் 'சிலப்பதிகாரக் காலம் முதல் இன்றுவரை தமிழ் நாடகம்' என்று இரண்டு மணி நேர நிகழ்ச்சி போட இளைஞர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். பின்னால் எல்.இ.டி. திரை வைத்து அரண்மனை, காடு, தெரு என்று படம் மாற்றலாம் என்பது அவர்கள் யோசனை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பம்பாய்ப் பக்கமிருந்து பார்சி நாடகக் குழுக்கள் வரும்வரை நம் நாடகங்களுக்கு மேடை அமைப்பு என்றே ஒன்று கிடையாது என்றும், அதிலும் கேரளத் தமிழர்களுக்குச் சொந்தமான நாடக மரபு எதுவும் இல்லை, எல்லாம் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வந்ததுதான் என்றும் இங்குள்ள ஆசிரியர் ஒருவர் சொல்கிறார். உங்கள் கருத்து என்ன?
— வேலந்தாவளத்திலிருந்து (பாலக்காடு மாவட்டம்) ஒரு வாசகர்

பதில்: அவர் சொன்ன இரண்டுமே தவறு. இரண்டாவதைக் கேட்டுத்தான் எனக்கு வருத்தம் அதிகம். வேலந்தாவளத்தில் இருப்பவர் பஸ் ஏறிப் போய்க் கண்ணால் பார்த்துவிடக் கூடிய தூரத்தில் அதற்கு மறுப்பு இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களின் பகவதி கோயில்கள் பலவற்றில் கூத்துமாடம் என்று தனிக் கட்டடமே உண்டு. தோல்பாவைக்கூத்துக்காக மட்டும் கட்டியது. முறைப்படி 42 அடி நீளம். முன்பக்கம் திரைச்சீலை, மேலே வெள்ளை, கீழே கறுப்பு. திரைக்குப் பின்னால் நீளவாக்கில் ஒரு பலகை. அதில் வரிசையாக 21 தேங்காய் மூடிகள், ஒவ்வொன்றிலும் எண்ணெயும் திரியும். கோயில் விளக்கிலிருந்து கொண்டுவந்த நெருப்பில்தான் அவற்றை ஏற்றுவார்கள். விளக்குக்கும் திரைக்கும் நடுவே நின்று, புலவர் என்று அழைக்கப்படும் பாவைக்கூத்துக் கலைஞர் பாவையைச் சீலையோடு ஒட்டிப் பிடிப்பார். பழைய பாவைகள் மான்தோலில் செய்தவை. தோலில் போட்ட துளைகள் வழியே வெளிச்சம் கசிந்து, ராமனின் கிரீடமும் ராவணனின் மார்பு நகையும் புள்ளி புள்ளியாகத் திரையில் விழும். எண்ணெய்ச் சுடர் ஆடிக்கொண்டே இருப்பதால், பாவை சும்மா நிற்கும்போதும் நிழல் மூச்சு விடுவது போலத் தெரியும். பாவையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தால் நிழல் பெருத்து மங்கும். இது மேடை அமைப்பு இல்லையென்றால் வேறு எதைத்தான் அப்படிச் சொல்வது?

அங்கே பாடப்படுவது எது என்பதையும் அந்த ஆசிரியரிடம் சொல்லுங்கள். கம்பராமாயணம். ஆடல்பற்று என்ற பெயரில் புலவர்கள் காத்துவந்த பாட்டுகள் கம்பனுடையவை. அதற்குச் சொல்லும் விளக்கத்தில் தமிழும் மலையாளமும் கலந்து வரும். 7 இரவு, 14 இரவு, 21 இரவு, 41, சில கோயில்களில் 71 இரவுகூட நடக்கும். தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் பத்ரகாளி ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போனது, அதை அவளுக்குக் காட்டத்தான் இந்தக் கூத்து என்பது ஐதீகம். அதனால் எதிரே ஒரு ஆள் இல்லாவிட்டாலும் விடிய விடியப் பாடுவார்கள். ஷொரணூருக்குப் பக்கத்துக் கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர்தான் இதைக் கோயிலுக்கு வெளியே கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். அவர் மகன் ராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தமிழ்நாட்டில் கம்பனுக்குப் பட்டிமன்றம் நடத்துகிறோம், நல்லதுதான். ஆனால் கம்பனை மேடையேறி ஆடும் நாடகமாக, தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருப்பது இந்தப் பாலக்காட்டு மண். சொந்த மரபு இல்லையாம்!

இதோடு முடியவில்லை. பாலக்காட்டுச் சித்தூர், ஆலத்தூர் பக்கத்துக் கோயில் ஆட்டமான கண்யார்களியின் பாட்டுகளில் தமிழ் இருக்கிறது. அந்தப் பக்கத்து நாட்டுப்புறக் கூத்தான பொறாட்டு நாடகத்தில் குறவனும் குறத்தியும் பேசும் பேச்சில் தமிழ் இருக்கிறது. கொச்சிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் பலகை அதிர மிதித்து ஆடும் சவிட்டு நாடகத்தின் பழைய சுவடிகள் தமிழ் கலந்தவை. அங்கே ஆசானை அண்ணாவி என்றுதான் அழைக்கிறார்கள்.

சரி, முதல் தவறுக்கு வருவோம். பார்சிக்காரர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சிலப்பதிகாரம் மேடைக்கு அளவு சொல்லிவிட்டது. அரங்கேற்று காதையில் இருக்கிறது. 24 விரல் கொண்டது ஒரு கோல். மேடை ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம். மேடைப் பலகைக்கும் மேலே உள்ள உத்தரத்துக்கும் இடைவெளி நான்கு கோல். உள்ளே போகவும் வெளியே வரவும் இரண்டு வாசல். ஒரு கோலை ஒரு முழம் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய பத்தரை அடிக்குப் பன்னிரண்டு அடி. ஒருத்தி ஆட அதற்கு மேல் எதற்கு? திரையும் மூன்று வகை: ஒரு பக்கமிருந்து இழுப்பது, இரு பக்கமிருந்தும் வந்து நடுவில் சேர்வது, மேலே மறைந்திருந்து இறங்குவது. இத்தனைக்கும் நடுவில் எனக்கு மிகவும் பிடித்த வரி ஒன்று உண்டு: 'தூண்நிழல் புறப்பட மாண்விளக்கு எடுத்து'. தூணின் நிழல் ஆடுகிறவள்மேல் விழாமல் வெளியே விழும்படி விளக்கை வைக்க வேண்டும் என்கிறது. மேடையில் நின்று பார்த்த ஒருவர் சொல்லாமல் இது வந்திருக்காது. இன்று எத்தனை கல்யாண மண்டப மேடைகளில் இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்கிறார்கள்?

அதே நூலின் வஞ்சிக் காண்டத்தில், சேரன் செங்குட்டுவன் முன்னால் பறையூர்க் கூத்தச் சாக்கையன் கொட்டிச்சேதம் ஆடுகிறான். ஒரே உடம்பில் சிவன் பாதி, உமை பாதி. சிவன் பாதி சுழல்கிறது. உமையின் பாதியில் வளையல் குலுங்கவில்லை, மேகலை ஒலிக்கவில்லை. கேரளக் கோயில்களில் கூத்தாடும் சாக்கியார்களின் முன்னோன் இவன்தான் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அந்தச் சாக்கியார்கள் ஆடும் சமஸ்கிருத நாடகமான கூடியாட்டத்தைப் பாருங்கள். கூத்தம்பலம் என்ற கோயில் அரங்கத்தில் ஒற்றை விளக்கு, மூன்று திரி: இரண்டு ஆடுகிறவரைப் பார்த்து, ஒன்று சபையைப் பார்த்து. வெளிச்சம் முகத்துக்குத்தான் போதும். அதனால் கண்ணும் புருவமுமே கதை சொல்லியாக வேண்டும், ஒரு காட்சி பல இரவுகள் நீள வேண்டும், சபை கிட்டத்தில் உட்கார வேண்டும். அந்த நடிப்பின் இலக்கணத்துக்கும் அந்த மூன்று திரிக்கும் நெருங்கிய உறவு உண்டு என்பேன்.

தெருக்கூத்துக்கு வந்தால் கணக்கே மாறிவிடும். ஆற்காட்டுப் பகுதியிலும் எல்லை தாண்டி ஆந்திரச் சித்தூரிலும் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். திறந்த வெளி, மூன்று பக்கமும் ஜனம், வெளிச்சத்துக்குத் தீப்பந்தம், பிறகு பெட்ரோமாக்ஸ். தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் புருவம் தெரியாது. ஆகவே தோளிலும் தலையிலும் கண்ணாடித் துண்டு பதித்த மரக்கட்டைகள், முகத்தில் அழுத்தமான சாயம், கிறுகிறுவென்று சுழலும் அடவு, உச்சக் குரல். கண்ணாடித் துண்டு பந்தத்தின் வெளிச்சத்தை வாங்கித் திருப்பி அடிக்கும். துரியோதனன் வரும்போது இரண்டு பேர் திரையைப் பிடிப்பார்கள்; உள்ளேயிருந்து பாட்டும் சலங்கையும் மட்டும் கேட்கும். செலவு ஒரு வேட்டித் துணி.

பார்சிக் குழுக்கள் கொண்டுவந்தது படச்சட்டம் போட்ட மேடையும், சுருட்டி இறக்கும் ஓவியத் திரைகளும், தந்திரக் காட்சிகளும். அதன் பெருமையை நான் குறைக்கவில்லை. பல்லாரியிலிருந்து வந்த தெலுங்குக் குழுவின் நாடகங்களைப் பார்த்த ஊக்கத்தில்தான் பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) சிறுவர்களே நடிக்கும் பாய்ஸ் கம்பெனிப் பையன்களைப் பாட்டால் வளர்த்தெடுத்தார். தமிழ் சங்கீத நாடகங்கள் கேரளமெங்கும் சுற்றியதன் விளைவாகத்தான் மலையாளத்தில் 1892இல் சங்கீத நைஷதம் என்ற நாடகம் பிறந்தது. கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும் நடந்திருக்கிறது. 'வந்தது' என்று மட்டும் சொல்வது பாதிக் கணக்கு.

இப்போது உங்கள் எல்.இ.டி. திரை. அது வேண்டவே வேண்டாம். அது தானே வெளிச்சம் உமிழும் சுவர். அதன் முன்னால் நிற்பவர் முகம் இருண்டுவிடும். அதை ஈடுகட்ட முன்னாலிருந்து விளக்கு அடிப்பீர்கள். கூத்துக் கட்டையின் கண்ணாடிக்கும் கூடியாட்டக் கண்ணுக்கும் அங்கே வேலையே இருக்காது. எல்லாக் காலமும் ஒரே காலமாகத் தெரியும். நீங்கள் காட்ட நினைப்பதற்கு நேர் எதிர் அது.

அந்த வாடகைக் காசை இப்படிச் செலவழியுங்கள். முதல் அரைமணி நேரம் மைதானத்தின் எல்லா மின்விளக்கையும் அணையுங்கள். பாவைக்கூத்துப் புலவர்கள் ஒரு குழுவை முறையாக அழைத்து, யுத்த காண்டத்தில் ஒரு பகுதி நடத்தித் தரச் சொல்லுங்கள். சன்மானம் குறைவில்லாமல் கொடுங்கள். அடுத்தது சிலப்பதிகாரப் பகுதி: பன்னிரண்டு அடி மேடை, எண்ணெய் விளக்கு, ஒரே ஒரு ஆட்டக்காரி. பக்கத்தில் இரண்டு வாளி மணல் இருக்கட்டும், சீலையும் நெருப்பும் அருகருகே இருக்கும். தெருக்கூத்தை மேடையிலேயே ஏற்றாதீர்கள், ஜனங்களுக்கு நடுவில் தரையில் ஆடட்டும், மைக் வேண்டாம். கம்பெனி நாடகப் பகுதிக்கு மட்டும் பெரிய மேடைக்குப் போய், உங்கள் ஊரில் போர்டு எழுதுபவரைக் கொண்டு ஒரு தர்பார்த் திரையும் ஒரு காட்டுத் திரையும் வரையச் சொல்லுங்கள், ஆர்மோனியக்காரரை மேடை ஓரத்தில் எல்லாரும் பார்க்க உட்கார வையுங்கள். கடைசிப் பகுதிக்கு மின்விளக்கு, மைக் எல்லாம் போட்டுக்கொள்ளலாம்.

நிகழ்ச்சித் தொகுப்பாளரும் வேண்டாம். கூத்தில் கதையை அறிமுகம் செய்யும் கட்டியங்காரன் இருக்கிறான், அவனே காலத்துக்குக் காலம் கூட்டிப் போவான். அந்த வேஷத்துக்கு அந்த ஆசிரியரையே கேட்டுப் பாருங்கள். தேதி முடிவானதும் எழுதுங்கள், நான் கட்டாயம் வருகிறேன்.