இலையத் தைக்கிற இந்தக் குட்டி யாரு?

கேள்வி: எங்க கொல்லையில நந்தியாவட்டை செடில கட்டைவிரல் அளவு ஒரு பறவை, வால செங்குத்தா தூக்கிட்டு காலைல அஞ்சரைக்கே கத்த ஆரம்பிச்சிடுது. அதே செடில ரெண்டு இலை ஒண்ணா சேந்து உள்ள பஞ்சு தெரியுது. பக்கத்து வீட்டு அக்கா தேன்சிட்டுங்கறாங்க. நான் இலைய லேசா விலக்கி பாத்துட்டேன், மனுஷ வாசனை பட்டா தாய்ப்பறவை இனி வராதாமே? - வாசகி, தஞ்சாவூர்

பதில்: தேன்சிட்டு இல்லம்மா, இது தையல்சிட்டு. தேன்சிட்டு மூக்கு நல்லா கீழ வளைஞ்சிருக்கும், கூடும் கிளை நுனில பை மாதிரி தொங்கும். உங்க ஆளுக்கு உச்சந்தலை துருப்பிடிச்ச கலர், முதுகு பச்சை, அடிப்பக்கம் வெளுப்பு, இதான் அடையாளம். கத்தும்போது கழுத்து பக்கவாட்ட பாருங்க, கறுப்பா ஒரு திட்டு தெரிஞ்சு தெரிஞ்சு மறையும், அது இறகு விலகி தெரியுற தோல். சாம்பல் கதிர்க்குருவியும் இலைய தைக்கும், ஆனா அதுக்கு முதுகு சாம்பல், பச்சை இருக்காது.

அந்த தையல மட்டும் தூரத்துல இருந்தே நல்லா பாத்துக்கோங்க. பெண் பறவைதான் தைக்கும், இலை ஓரத்துல மூக்கால ஓட்டை போட்டு பஞ்சோ நாரோ சிலந்தி நூலோ இழுத்துவிடும், வெளிய வந்த நுனி பிசிர் பிசிரா விரிஞ்சு நிக்கிறதால நூல் திரும்ப உருவிட்டு வராது. ஒவ்வொரு தையலும் தனித்தனி. இலைய செடிலேர்ந்து பிரிக்காம தைக்கிறதால பச்சையாவே இருக்கு, கூடுன்னு யாருக்கும் தெரியாது. பத்து கிராம் கூட தேறாத உடம்புக்கு இது எவ்ளோ பெரிய வேலை!

வாசனை பயம் வேண்டாம், அதனால எந்த தாயும் கூட்ட விட்டுப் போகாது. ஆனா கூடு கட்டிட்டு இருக்கறப்ப கைவெச்சா பயந்து விட்டுட்டுப் போக வாய்ப்பிருக்கு. நீங்க திரும்பத் திரும்ப போய் பாத்தா காக்காவும் செண்பகமும் இடத்த கண்டுபிடிச்சிடும், அதான் பெரிய ஆபத்து. அடை சுமார் 12 நாள், குஞ்சு பறக்க இன்னொரு 14 நாள், ஆக ஒரு மாசம் அந்த செடிய வெட்டாதீங்க, ஹோஸ் பைப்ப அந்த பக்கம் பீய்ச்சாதீங்க, வேர்ல மட்டும் தண்ணி விடுங்க. திடீர்னு ஆணும் பெண்ணும் சேந்து விடாம படபடன்னு கத்துச்சுன்னா கூட்டுகிட்ட பூனையோ பாம்போ வந்திருக்கலாம், போய் பாருங்க.