14 மாதத்தில் விரிசல் விட்ட கிராண்ட் பியானோ: கடைக்காரரைப் பசை ஊற்ற விடலாமா?

கேள்வி: சென்னையில் 18 லட்சம் ரூபாய்க்குப் புது கிராண்ட் பியானோ வாங்கி 14 மாதம் ஆகிறது. மேல் ஸ்தாயிப் பகுதியில், கம்பிகள் படியும் பிரிட்ஜ் மரத்தில், கம்பியை நிறுத்தும் சிறு ஆணிகளான பின்களை ஒட்டி விரிசல். அடியில், ஒலியைப் பெருக்கும் பலகையான சவுண்ட்போர்டிலும் ஒரு கோடு தெரிகிறது. "ஏசியால் வந்தது, வாரண்டி கிடையாது. வேண்டுமானால் பசை விட்டுத் தருகிறோம்" என்கிறது கடை. மனைவி மாலையில் சில பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார். வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். ஆனால் இப்போதைக்கு யாரையும் பசை விட அனுமதிக்காதீர்கள். ஒருமுறை எபாக்ஸி பசை இறங்கிவிட்டால் விரிசலின் ஆழமும் போன திசையும் மறைந்துவிடும். உங்கள் முக்கியச் சாட்சியம் அதுதான்.

வழக்கைப் பிரிட்ஜ் விரிசலின் மேல் நிறுத்துங்கள். சவுண்ட்போர்டில் ஒரு கோடு விழுந்தும் ஒலி கெடாத பியானோக்கள் ஏராளம். அதன் அடியில் தாங்கும் விலா மரம் விட்டுப்போய் அதிர்ந்தால்தான் அது பெரிய குறை. பிரிட்ஜ் அப்படியல்ல. பின் தளர்ந்தால் ஒற்றைக் கம்பியே அலையலையாக ஒலிக்கும், எத்தனை முறை ட்யூன் செய்தாலும் தீராது.

கடை சொல்வதை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பிய மரம், ஏசியில் உலர்ந்து சுருங்கும்போது பிளப்பது உண்டு. ஆனால் அவ்வளவு ஏற்றத்தாழ்வு இருந்திருந்தால் சுருதியும் பருவத்துக்குப் பருவம் நன்றாக விலகியிருக்கும். ஒவ்வொரு ட்யூனிங்குக்கும் முன் சுருதி எங்கே இருந்தது என்ற குறிப்பு ட்யூனரிடம் இருந்தால் எழுதி வாங்குங்கள். விலகல் குறைவு என்றால் கடையின் வாதம் பலவீனமாகும். கடைக்குச் சம்பந்தமில்லாத டெக்னீஷியனிடம், எந்தெந்த சுரங்களில் விரிசல், பின்கள் சாய்ந்துள்ளனவா, கம்பிகளை முறுக்கும் ட்யூனிங் பின்கள், அவை பதிந்த மரமான பின்பிளாக்கில் இறுக்கமாக உள்ளனவா என்று கையெழுத்திட்ட அறிக்கை பெறுங்கள். விரிசலை அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். அறை ஈரப்பதத்தை ஒரு மாதம் பதிவு செய்யுங்கள். எத்தனை சதவீதம் வேண்டும் என்று வாரண்டி அட்டையில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல், பொருளின் தரக் குறைபாட்டைச் சொல்லும் பிரிவு 2(10)-இன் கீழ் புகார் எழுதுங்கள். பலர் 'தயாரிப்புப் பொறுப்பு' அத்தியாயத்தைப் பிடித்துக்கொண்டு தடுமாறுவார்கள். பிரிவு 2(22)-இன்படி பொருளுக்கே நேர்ந்த சேதம் அங்கே 'தீங்கு' ஆகாது.

கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். கட்டணம் 400 ரூபாய். பியானோவை ஆய்வகத்துக்குத் தூக்கிப் போக முடியாது. வீட்டுக்கே வந்து பார்க்க நிபுணர் ஆணையரை நியமிக்கும்படி தனி மனுவும் சேர்த்துக் கொடுங்கள். மனைவியின் வகுப்பை வைத்து 'வணிகப் பயன்பாடு' என்று எதிர்த்தரப்பு கிளப்பும். பிழைப்புக்கான சுயதொழில் அதில் வராது என்று பிரிவு 2(7)-இன் விளக்கமே சொல்கிறது; மறைக்காமல் புகாரிலேயே எழுதிவிடுங்கள்.

கேட்க வேண்டிய நிவாரணத்தைப் படிப்படியாக வையுங்கள்: மாற்றுப் பியானோ, இல்லையேல் பணம், அதுவும் இல்லையேல் கடைச் செலவில் பிரிட்ஜின் மேல்மரத்தை மாற்றித் தருவது. கடைசியதுதான் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அதற்குக் கம்பிகளைக் கழற்றி மாட்ட வேண்டும், பிறகு சுருதி நிலைக்கும்வரை பலமுறை ட்யூன் செய்ய வேண்டும். அந்தச் செலவும் ஏற்றி இறக்கும் செலவும் கோரிக்கையில் இருக்கட்டும்.

காலவரம்பு, பிரிவு 69-இன்படி 2 ஆண்டு. விரிசலைப் பார்த்த நாளிலிருந்து என்று வாதிடலாம். ஆனாலும் வாங்கிய நாளிலிருந்தே எண்ணுங்கள், 10 மாதம் இருக்கிறது. கடையோடு கடிதம் எழுதிக்கொண்டிருப்பதால் அந்தக் கணக்கு நிற்காது. பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ், பதிலுக்கு 15 நாள், பிறகு தாக்கல்.